காட்டேஜ் சீஸும் பழமும்: ஐந்து நிமிடத்தில் ஒரு புரதக் கிண்ணம்

காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லை. ஆனால் பதினோரு மணிக்கே பசி வயிற்றைக் கிள்ளவும் கூடாது. அப்படிப்பட்ட நாட்களுக்காக நான் பழகிக்கொண்டது இந்தக் கிண்ணம். ஒரு கத்தி, ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் இருந்தால் போதும், சமைக்க எதுவும் இல்லை. கை பழகிவிட்டால் ஐந்து நிமிடம் பிடிக்கும். முதல் சில நாட்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் புரதம் தருவது சீஸ்தான். பழத்தில் புரதம் மிகக் குறைவு. 100 கிராம் வாழைப்பழத்தில் ஒரு கிராம் சொச்சம், அதே அளவு ஸ்ட்ராபெர்ரியில் அதுகூட இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கிண்ணம் நிறையப் பழத்தை நறுக்கிப் போட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி சீஸ் வைத்து, தேன் ஊற்றி, கிரனோலா (ஓட்ஸும் பருப்புகளும் இனிப்புச் சேர்த்து வறுத்த கலவை) தூவி முடிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ருசியாகவும் இருக்கும். ஆனால் அதில் ஏழெட்டு கிராம் புரதம் தேறினாலே அதிகம். வயிறு நிறைந்த மாதிரி இருந்து சீக்கிரமே பசித்துவிடுகிறது. அதனால் சீஸின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்தச் சீஸ்?

காட்டேஜ் சீஸ் என்பது முதிர வைக்காத, புதிய சீஸ். பாலை நுண்ணுயிர் சேர்த்தோ, அமிலம் சேர்த்தோ, சில சமயம் ரெனட் என்ற, பாலை உறைய வைக்கும் நொதியையும் கொஞ்சம் சேர்த்தோ உறைய வைப்பார்கள். உறைந்ததைத் துண்டுகளாக வெட்டி, மெல்லச் சூடாக்கி, நீரை வடித்து, கழுவி, கடைசியில் கொஞ்சம் கிரீமும் உப்பும் கலப்பார்கள். அதனால்தான் டப்பாவைத் திறந்தால் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் கெட்டியான பாலில் மிதப்பது போல் இருக்கிறது.

பனீரையும் சிலர் காட்டேஜ் சீஸ் என்றே சொல்வதுண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், ஆனால் இந்தக் கிண்ணத்துக்கு ஒன்றுக்குப் பதில் இன்னொன்று சரிவராது. பனீர் அழுத்திக் கட்டியாக்கப்பட்டது, கொழுப்பும் அதிகம். கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் ஈரமான சீஸ்தான் நமக்கு வேண்டும். டப்பா மேல் என்ன பெயர் இருந்தாலும் மணி மணியாக, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது பின்பக்க அட்டவணையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று புரதம். 100 கிராமுக்கு 11 அல்லது 12 கிராம் இருந்தால் வழக்கமான சீஸ். 8 கிராம் என்று இருந்தால் அதில் தண்ணீரோ மாவுப் பொருளோ கூடுதலாகச் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது கொழுப்பு. முழுக்கொழுப்பு வகையில் சுமார் 4 சதவீதம் இருக்கும், அது 2 சதவீதம், 1 சதவீதம், கொழுப்பே இல்லாதது என்று இறங்கிக்கொண்டே போகும். புரதம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். புதியவர்களுக்கு நான் சொல்வது 2 அல்லது 4 சதவீத வகை. கொழுப்பே இல்லாததில் மணிகள் ரப்பர் மாதிரி கடிபடும். முதல் தடவையே அதைச் சாப்பிட்டு, ‘இது எனக்கு வேண்டாம்’ என்று ஒதுக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது இடம் உப்பு. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

காட்டேஜ் சீஸ் நாக்குக்கு அவ்வளவாக உப்புக் கரிக்காது. ஆனால் 100 கிராமில் சோடியம் 300 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு கிண்ணத்துக்கு 200 கிராம் போட்டால் 600க்கு மேல் போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது காலையிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறோம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் குறைத்த வகையைத் தேடி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் சீஸின் அளவைக் குறைத்து, உப்புச் சேர்க்காத கெட்டித் தயிரை அதோடு கலந்துகொள்ளலாம்.

ஒரே ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள்

சமையலறைத் தராசு இருந்தால் முதல் நாள் மட்டும் அதை எடுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணத்தை அதன்மேல் வைத்து 200 கிராம் சீஸ் போட்டு, கிண்ணத்தில் அது எந்த மட்டம் வரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளிலிருந்து தராசு தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும். தராசு இல்லாதவர்கள் டப்பாவின் எடையை வைத்துக் கணக்குப் போடலாம். 400 கிராம் டப்பா என்றால் அதில் பாதி.

200 கிராம் என்று ஏன் சொல்கிறேன்? அதில் சுமார் 22 கிராம் புரதம் கிடைக்கிறது. உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம் என்பது ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். காலை உணவிலேயே அதில் பாதி கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. சீஸில் இருப்பது பெரும்பாலும் கேசீன் என்ற பால்புரதம். அது வயிற்றில் மெதுவாகத்தான் செரிக்கும். மதியம் வரை தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாளே 200 கிராம் சாப்பிட முடியவில்லையா? 100 கிராமில் ஆரம்பியுங்கள், தப்பில்லை. ருசி பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்.

பழம்: தண்ணீர்தான் பிரச்சினை

இந்தக் கிண்ணம் கெடுவதற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் தண்ணீர். சீஸே ஈரமானது. அதில் கழுவிய பழத்தைச் சொட்டச் சொட்டப் போட்டால், அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கி, சாப்பிடவே மனம் வராத மாதிரி ஆகிவிடும். அதனால் பழத்தைக் கழுவின பிறகு சுத்தமான துணியிலோ காகிதத்திலோ ஒற்றி எடுங்கள். ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவி, துடைத்து, அதற்கப்புறம் காம்பைக் கிள்ளுங்கள். காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகப் பழம் தண்ணீர் குடிக்கும்.

சீஸ் லேசான புளிப்பும் உப்புமாக இருப்பதால், நல்ல வாசனையும் இனிப்பும் உள்ள பழம் அதோடு சேரும். புளூபெர்ரியை நறுக்கவே தேவையில்லை, நீரும் விடாது. புதியவர்களுக்கு அதைவிட எளிய பழம் இல்லை. பழுத்த மாம்பழம் இந்தச் சீஸுக்கு ஏற்ற ஜோடி என்பது என் கருத்து. சீஸின் உப்பு மாம்பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். பீச், பேரிக்காய், மாதுளை, விதையில்லாத் திராட்சை எல்லாம் நன்றாக இருக்கும். வாழைப்பழத்தைச் சாப்பிடும் நிமிடத்தில் நறுக்குங்கள், முன்கூட்டியே நறுக்கினால் கறுத்துக் கொழகொழத்துவிடும். ஆப்பிளும் கறுக்கும், ஆனால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டுப் பிசறி வைத்தால் தாங்கும். ஆரஞ்சு வகைகளில் சுளையின் தோலை உரித்துவிட்டுப் போட்டால்தான் மெல்லும்போது இடறாது. தர்ப்பூசணியை நான் போடுவதில்லை. அது ஏறக்குறைய தண்ணீரேதான்.

அன்னாசி, கிவி, பப்பாளி இந்த மூன்றையும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், பப்பாளியில் பப்பெய்ன் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சையாக இவற்றைச் சீஸோடு கலந்து வைத்தால், அந்த நொதிகள் பால்புரதத்தை உடைக்க ஆரம்பித்துவிடும். சீஸ் நீர்த்துப் போகும், கசப்பும் ஏறும். ஆரம்பத்தில் ஒருநாள் இரவே அன்னாசியைக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் ஒரு வாய் எடுத்து வைத்தேன், அவ்வளவு கசப்பு. சீஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து டப்பா முழுவதையும் கொட்டினேன். சீஸில் குற்றமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தப் பழங்கள் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் கலந்த உடனே சாப்பிட்டுவிடுங்கள். டப்பாவில் அடைத்து வரும் அன்னாசிக்கு இந்தத் தொல்லை இல்லை. அடைக்கும்போது சூடாக்குவதால் நொதி செயலிழந்துவிடுகிறது. சர்க்கரைப் பாகில் ஊறியதை விட்டுவிட்டு, பழச்சாற்றில் ஊறியதாகப் பார்த்து வாங்கி, சாற்றை நன்றாக வடித்துவிடுங்கள்.

உறைந்த பழம் நல்ல தேர்வுதான், சில சமயம் புதியதைவிடக் கனிந்தும் இருக்கும். ஆனால் உறைநிலை விலகும்போது அது நிறையச் சாறு விடும். ஒரு தனிக் கிண்ணத்தில் இரவே ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள். காலையில் பழத்தை மட்டும் கரண்டியால் அள்ளிச் சீஸ் மேல் போடுங்கள். தேங்கிய சாற்றைக் கடைசியில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றினால் தேனே தேவைப்படாது.

எவ்வளவு பழம்? ஒரு கைப்பிடி, அதாவது 100 கிராம் அளவு. பழத்தின் வேலை இனிப்பும் நார்ச்சத்தும் தருவது. சீஸில் நார்ச்சத்து என்பதே கிடையாது.

இப்போது கிண்ணத்தை எடுங்கள்

சீஸ் டப்பாவைத் திறந்ததும் மேலே நீர் நிற்கும். அதைக் கெட்டுப்போனதன் அடையாளம் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டால் சேர்ந்துவிடும். உங்களுக்கு வாய்த்த டப்பா ரொம்பவே தளதளவென்று இருந்தால் மட்டும், தேவையான அளவைச் சின்ன வடிகட்டியில் போட்டு, பழம் நறுக்கும் நேரம்வரை அப்படியே விடுங்கள்.

சீஸைக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் சமமாகப் பரப்புங்கள். நடுவில் லேசாகக் குழித்தால் பழம் அதில் உட்காரும். இங்கேயே ஒரு சிட்டிகை பட்டைத்தூளோ இரண்டு சொட்டு வெனிலாவோ சேர்த்துக் கலக்கலாம். உப்புச் சுவை பின்னால் போய் ஓர் இனிப்பு வாசனை வரும், சர்க்கரை சேர்க்காமலேயே. எலுமிச்சைத் தோலைத் துளி துருவிப் போட்டாலும் நன்றாக இருக்கும், முக்கியமாகப் புளூபெர்ரியோடு.

அடுத்து பழம். கலக்க வேண்டாம், மேலே வையுங்கள். கலக்கினால் பழம் நசுங்கி நீர் விடும். சாப்பிடும்போது ஒரு கரண்டியில் கொஞ்சம் சீஸும் கொஞ்சம் பழமுமாக வருவதுதான் ருசி.

பிறகு சியா விதை ஒரு மேசைக்கரண்டி. ஏறக்குறைய 12 கிராம் எடையுள்ள இந்தச் சின்ன அளவிலேயே 4 கிராம் நார்ச்சத்தும் 2 கிராம் புரதமும் இருக்கின்றன. அது மட்டுமல்ல, சியா தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. பழம் விடும் சாற்றை அது குடித்துக் கூழாக்கிவிடுவதால் கிண்ணம் நீர்த்துப் போவதில்லை. ஆளி விதை போடுகிறவர்கள் அதைப் பொடித்துப் போடுங்கள், முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.

கடைசியாக மொறுமொறுப்புக்கு எதையாவது தூவ வேண்டும். பத்துப் பாதாமை ஒன்றிரண்டாக நறுக்கிப் போடலாம், வால்நட், வறுத்த பூசணி விதையும் சரிதான். இதைச் சாப்பிட உட்காரும் முன்பு தூவுங்கள், முன்பே போட்டால் நமத்துவிடும். கிரனோலா பிடிக்குமென்றால் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். கடையில் விற்கும் பல கிரனோலாக்களில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது, கை தாராளமானால் கிண்ணம் இனிப்புப் பலகாரமாகிவிடும்.

தேன் வேண்டுமா? பழத்தை ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நன்றாகப் பழுத்திருந்தால் தேவைப்படாது. வேண்டும் என்றால் ஒரு தேக்கரண்டி போதும், அதிலேயே சுமார் 6 கிராம் சர்க்கரை. குழந்தைகளுக்கும் ஊட்டுவீர்கள் என்றால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்க்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் அந்த வயதில் போட்யுலிசம் என்ற கடுமையான நோயை உண்டாக்கலாம்.

200 கிராம் 2 சதவீத சீஸ், 100 கிராம் ஸ்ட்ராபெர்ரி, ஒரு மேசைக்கரண்டி சியா, பத்துப் பாதாம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 27 கிராம் புரதம், ஏழு கிராம் நார்ச்சத்து, 325 கலோரி அளவில் வரும்.

மணி மணியாக இருப்பது பிடிக்காதவர்களுக்கு

இது நிறையப் பேருக்கு உண்டு, இயல்பானதுதான். வாயில் அந்தக் குருணைத் தன்மை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சீஸை மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஓரங்களை வழித்துவிடுங்கள். கெட்டித் தயிர் மாதிரி வழவழப்பாகிவிடும். தண்ணீரோ பாலோ ஊற்ற வேண்டாம், அதிலுள்ள ஈரமே போதும். இரண்டு நாளைக்கானதை ஒரே தடவையில் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். அரைக்கும்போதே நாலைந்து துண்டு மாம்பழம் சேர்த்தால் நிறமும் மணமும் வந்துவிடும். வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த வழியில் ஆரம்பியுங்கள்.

எடுத்துப் போக வேண்டுமென்றால்

மூடி இறுகப் பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில் நல்லது. அடியில் பழம், அதன்மேல் சியா, அதற்கும் மேல் சீஸ் என்று தலைகீழாக அடுக்குங்கள். பழத்தின் சாறு அடியிலேயே தங்கும், சியா அதை உறிஞ்சும், மேலே சீஸ் கெட்டியாக நிற்கும். பருப்பு வகைகளைத் தனியாகச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை எடுத்துக்கொண்டு ஓடலாம். முன்பு சொன்ன மூன்று பழங்களும் வாழைப்பழமும் மட்டும் இதில் வேண்டாம்.

பையில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் கூடவே ஒரு ஐஸ் பையும் வையுங்கள். குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சீஸைச் சாப்பிடாதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அது ஒரு மணி நேரம்தான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கட்டும். திறந்த டப்பாவைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள், கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வாயில் வைத்த கரண்டியைத் திரும்ப டப்பாவில் விடக் கூடாது, சீஸ் சீக்கிரம் கெடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மஞ்சளோ இளஞ்சிவப்போ படர்ந்தாலும், வழக்கத்தைவிடக் கடுத்த புளிப்பு வாடை அடித்தாலும் தூக்கி எறியுங்கள். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தால்கூட முழு டப்பாவும் போக வேண்டியதுதான். இது மெத்தென்ற சீஸ் என்பதால் பூஞ்சை உள்ளே இறங்கியிருக்கும், மேலே வழித்துவிட்டுச் சாப்பிடுவது ஆபத்து.

கடையில் கிடைக்கவில்லை என்றால்

வீட்டில் செய்யலாம். முதல் நாள் மாலை முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் பாலை அடி கனமான பாத்திரத்தில் சூடாக்கி, ஓரங்களில் ஆவி வந்து பொங்குவதற்குச் சற்று முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மிக மெதுவாக ஓரிரு முறை கிளறுங்கள். பால் திரிந்து நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசினால் எலுமிச்சைப் புளிப்பு போய்விடும். பதினைந்து நிமிடம் தானாக வடியட்டும். பிழியாதீர்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் அது பனீர். பிறகு விரலால் உதிர்த்து, சிட்டிகை உப்பும் இரண்டு மேசைக்கரண்டி கிரீமோ கெட்டித் தயிரோ சேர்த்துக் கலக்குங்கள். கடைச் சீஸின் மணிகள் போல் ஒரே சீராக இருக்காது, ஆனால் ருசியில் குறை இல்லை, உப்பும் உங்கள் கையில்.

ஒரு லிட்டர் பாலில் மொத்தமே சுமார் 33 கிராம் புரதம்தான் உண்டு, அதிலும் ஒரு பங்கு வடியும் நீரோடு போய்விடும். ஆகவே ஒரு லிட்டரில் ஒருவருக்கான தாராளமான கிண்ணம்தான் தேறும். வடித்த நீரைக் கொட்டாதீர்கள், மாவு பிசையவோ சூப்புக்கோ ஆகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு: சீஸ் வடிக்கும்போது லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையின் ஒரு பகுதி நீரோடு போய்விடுவதால், 200 கிராமில் ஐந்தாறு கிராம்தான் மிச்சம், ஒரு டம்ளர் பாலில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பலருக்கு இது ஒத்துக்கொள்ளும். சின்ன அளவில் முயன்று பாருங்கள், லாக்டோஸ் நீக்கிய வகையும் கிடைக்கிறது. பால் ஒவ்வாமை என்பது வேறு விஷயம். அது உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள் பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலில் தயாரானதா என்று லேபிளில் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீஸ் என்றதும் கால்சியம் நிறைய என்று நினைப்போம். புளிக்க வைத்து உறைய வைக்கும்போது பாலிலுள்ள கால்சியத்தில் பெரும்பகுதி நீரோடு கரைந்து போய்விடுவதால், 100 கிராம் காட்டேஜ் சீஸில் சுமார் 80 மில்லிகிராம்தான் இருக்கிறது. அதே எடைப் பாலில் 120 அளவு இருக்கும். கால்சியத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள்.

பழம் தீர்ந்துபோன காலையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அதே 200 கிராம் சீஸ், மேலே வெள்ளரியும் தக்காளியும் பொடியாக நறுக்கியது, கொரகொரப்பாக இடித்த மிளகு, ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய். தக்காளியின் விதைச் சாற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். உப்புப் போட வேண்டாம், சீஸில் இருப்பதே போதும்.